ஜோடி முறித்தவர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாக்குக் கொடுப்பது மூக்குச் சிந்துகிற மாதிரி ஆகிவிட்டது. சிந்தினோமா, துடைத்தோமா, போனோமா. 'கண்டிப்பா வர்றேன்' என்பான், வரமாட்டான். 'நாளைக்குப் பேசறேன்' என்பான், நாளைக்கு அவன் நம்பரே மாறியிருக்கும். எழுதிக் கொடுத்தாலும் நம்ப முடியாது, தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. இதைத்தான் லாரிக்காரர் தம் மகளுடைய ஜெராக்ஸ் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேட்க ஆளில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

லாரிக்காரர் இப்போது லாரி ஓட்டுவதில்லை. ஓட்டிய காலம் போய், லாரிச் சங்கத்துக்குத் தலைவராகி, அந்தத் திமிரில் ஒரு தேர்தலில் நின்று, யாரும் எதிர்பாராமல் ஜெயித்துவிட்டார். அன்றிலிருந்து சட்டம் போடுகிற சபையில் எதிர்க்கட்சி வரிசையில், தூணுக்குப் பக்கத்து இருக்கை அவருடையது. பேப்பரைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பார். கொடுத்தவன் முகத்தை அதைவிட நன்றாகப் படிப்பதாக அவருக்கு நினைப்பு. சபையில் எல்லோரும் அவரை லாரி என்றே கூப்பிட்டார்கள்.

கடை காலேஜ் வாசலுக்கு எதிரே இருந்தது. உள்ளே இரண்டு மிஷின், ஒரு ஸ்பைரல் பைண்டிங் மேஜை, சூடான காகித வாசம். நர்ஸ் படிப்புப் படிக்கிற பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு புத்தகம் வாங்குகிற காசில் ஒரு மாசம் சாப்பிடலாம் என்பதால், ஒருத்தி வாங்கினால் மற்றவர்கள் பாடம் பாடமாக நகலெடுத்துக்கொள்வார்கள். அதுதான் மகளுக்குப் பிழைப்பு. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, அவளையும் அவள் பிள்ளைகளையும் நிமிர்த்தி வைத்தது அந்த மிஷின்கள்தான்.

"அப்பா, காலை எடுங்க. பேப்பர் கட்டை எடுக்கணும்."

"எடுத்துக்க. நான் என்ன உன் மிஷினுக்குள்ளயா கால நீட்டிட்டு இருக்கேன்?"

"ரெண்டு நாள் கழிச்சு மிஷினே இருக்காது, அப்புறம் நல்லா நீட்டிக்கலாம்." அவள் கட்டை மேஜையில் டொப்பென்று போட்டாள். "இன்னிக்கு ஓட்டு. உங்க கட்சியில இருக்கிற ஒவ்வொருத்தரும் போய் எதிர்த்துப் போடறாங்க. எங்கப்பா மட்டும் கேன்டீன்ல உட்கார்ந்து டீ குடிக்கப் போறாரு."

விஷயம் இதுதான். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய நாடு ஒன்றோடு வர்த்தக ஒப்பந்தம். இங்கே தைத்து அனுப்புகிற துணிக்கு அங்கே வரி கிடையாது. அதற்குப் பதிலாக, அந்த நாட்டுப் புத்தகக் கம்பெனிகள் கேட்கிறபடி பதிப்புரிமைச் சட்டத்தை இங்கே மாற்றியாக வேண்டும். மாற்றினால், ஒரு பாடத்தை நகலெடுத்தாலும் குற்றம். எடுத்துக் கொடுத்த கடையைப் பூட்டலாம், மிஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம். துணியைத் தனியாக, புத்தகத்தைத் தனியாகப் பிரித்து ஓட்டுப் போட வழியில்லை. விழுங்கினால் முள்ளோடு விழுங்கு என்கிற ஏற்பாடு. ஒப்பந்தம் நிறைவேறுவதற்கு முன்னாலேயே, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட கம்பெனி ஆள் ஒருத்தன் வந்து, கடையின் அலமாரியையும் மிஷினையும் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போயிருந்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த ஒப்பந்தம் தலையணை கனம். அதை நகலெடுக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. சபை உறுப்பினர்களுக்காக அதை நகலெடுத்தது இதே கடையில்தான். மகள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருத்தரும் படிக்கவில்லை என்பது வேறு கதை.

"டீ குடிக்கப் போகல. ஜோடி கொடுத்திருக்கேன்," என்றார் லாரிக்காரர்.

"ஜோடியாம் ஜோடி. உங்க ரெண்டு பேருக்கும் என்ன கல்யாணமா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். லாரிக்காரர் அவர்களை முறைத்தார். ஒருத்தியும் போனிலிருந்து தலையைத் தூக்காததால் முறைப்பு வீணானது.

சபையில் அது பழைய வழக்கம். இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் படுத்த படுக்கையாகிவிட்டாலோ, வீட்டில் சாவு விழுந்தாலோ, அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் அவருக்கு ஜோடியாக நிற்பார். இவரும் ஓட்டுப் போடமாட்டார், அவரும் போடமாட்டார். கணக்கு நேராகிவிடும். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, வாய் வார்த்தைதான். ஆளுங்கட்சி உறுப்பினரான டெய்லருக்குப் போன வாரம் நெஞ்சு வலி வந்து சபை வராந்தாவில் சரிந்தபோது, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே லாரிக்காரரின் சட்டையைப் பிடித்து, "லாரி, ஜோடி குடுய்யா" என்றார். லாரிக்காரர் கொடுத்துவிட்டார்.

கொடுக்காமல் இருக்க முடியாது. லாரிக்காரரின் மனைவி இறந்த வாரத்தில் சபையில் பெரிய ஓட்டெடுப்பு வந்தது. அன்றைக்கு அவருக்கு ஜோடி நின்றது இந்த டெய்லர்தான். சொந்தக் கட்சிக்காரன் காறித் துப்பாத குறையாகத் திட்டியும் மனுஷன் அசையவில்லை. டெய்லர் அப்போது தையல் மிஷினை விட்டுச் சபைக்கு வந்த புதிது. அவருக்கும் படிப்பு அவ்வளவுதான். படித்தவர்கள் நிறைந்த இடத்தில் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ளச் சௌகரியமாக இருந்தது.

"அவரு நல்லவரா இருக்கட்டும்," என்றாள் மகள். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அவரு நல்லவர்ங்கிறதுக்காக நான் கடையை மூடணுமா?"

"நல்லவன்னு எவன் சொன்னான்? அவனும் அரசியல்வாதிதான். ஆஸ்பத்திரியில படுத்திருக்கானா, இல்ல படுத்த மாதிரி இருக்கானான்னு எனக்கே சந்தேகம்."

"அப்ப ஏன் குடுத்தீங்க?"

அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சபைக் கட்டடத்தில் அன்று கல்யாண வீட்டுக் கூட்டம், இழவு வீட்டு முகம். யார் பக்கம் எத்தனை என்று ஆளாளுக்கு விரல் மடக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக வரும் என்றுதான் பேச்சு. சமமாக வந்தால் சபாநாயகர் ஓட்டுப் போடுவார், அவர் ஓட்டு எங்கே விழும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் எதிர்க்கட்சிக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆள் கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கட்சிக் கொறடா வழியிலேயே மறித்தார். அவர் வக்கீல். ஆட்களை ஓட்டுக்கு மேய்த்துக்கொண்டு வருவது அவர் வேலை.

"அண்ணே, கடைசியாக் கேக்கிறேன்."

"நேத்தும் கடைசியாத்தான் கேட்ட, தம்பி."

"உங்க மக கடையாவது ஞாபகம் இருக்கா?"

"என் மகளைப் பத்தி நீ பேசாத. நீ வக்கீல். காலையில எனக்கு வாதாடுவ, சாயங்காலம் எனக்கு எதிரா வாதாடுவ. வாய் அதேதான்."

கொறடாவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் சிரித்தார். "டெய்லர் ஓட்டுப் போட வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"வந்தா நானும் போடுவேன். அவ்வளவுதானே? வரமாட்டான்."

"வரமாட்டான்னு அவ்வளவு நம்பிக்கையா? நீங்க யாரையும் நம்பமாட்டீங்கன்னு ஊரே சொல்லுதே."

இந்த முள் நேராக உள்ளே போய்த் தைத்தது. லாரிக்காரர் விருட்டென்று கேன்டீனுக்குள் போனார்.

ஜோடி நிற்கிறவர்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளியூர்ச் சாவு, தூரத்து ஆஸ்பத்திரி என்றால் வழியில்லை. மற்றபடி, இரண்டு பேரும் ஒன்றாக இருக்க முடிந்தால், மணி அடித்து முடிகிறவரை ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொள்வார்கள். வாக்கு மேல் நம்பிக்கை இல்லாமலா என்றால், ஆம், நம்பிக்கை இல்லாமல்தான். கண்ணெதிரே இருக்கிற ஆள் ஓடிப்போய் ஓட்டுப் போட முடியாது. டெய்லரும் லாரிக்காரரும் வேறு வேறு காரணங்களுக்காக எத்தனையோ முறை அப்படி ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று எதிர் நாற்காலி காலி. அதைப் பார்த்தபடி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார் லாரிக்காரர். சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரிந்த நம்பராக இருந்தாலே அவர் எடுப்பதற்கு யோசிப்பார். அடித்து ஓயட்டும் என்று விட்டார்.

ஓட்டெடுப்பு மணி அடிக்கத் தொடங்கியது. மணி ஓய்ந்ததும் சபைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் உள்ளே இருப்பவர்கள்தான் 'ஆம்' வாசல் வழியாகவோ 'இல்லை' வாசல் வழியாகவோ நடந்து, எண்ணப்படுவார்கள்.

கொறடா மூச்சிரைக்கக் கேன்டீன் வாசலில் வந்து நின்றார். ஜன்னலைக் காட்டினார்.

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். கீழே, உறுப்பினர்கள் இறங்குகிற வாசலில், டெய்லருடைய வெள்ளைக் கார் நின்றது. பின்பக்கக் கதவு நசுங்கின அந்தக் காரை அவருக்கு நன்றாகத் தெரியும். நசுக்கியதே அவர்தான், ஒருமுறை பின்னால் எடுத்துக் காட்டுகிறேன் என்று. டிரைவர் அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே ஒரு தலையணையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா அண்ணே?" என்றார் கொறடா மெதுவாக.

லாரிக்காரருக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. தலையணை வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! நோயாளியைத் தூக்கி வந்து ஓட்டுப் போட வைத்துவிட்டு, இங்கே ஒரு கிழட்டு முட்டாள் டீ ஆற்றிக்கொண்டிருக்கட்டும் என்று! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி சட்டையைப் பிடித்தானே, பாவி, அப்போதே இந்தத் திட்டமா?

"திருட்டுப் பய," என்றார். டீ மேஜையில் கொட்டியது. துடைக்காமல் ஓடினார்.

அந்த வயசுக்கு அது ஓட்டம்தான். கதவு சாத்துகிற ஆள் அவரைப் பார்த்து ஒரு நொடி தயங்கினான். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. உள்ளே புகுந்து, 'இல்லை' வாசலில் நுழைந்து, நடந்து, எண்ணப்பட்டு, வெளியே வந்து நின்றார். அப்புறம்தான் எதிர் வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகத் தேடினார். டெய்லர் அங்கே இல்லை.

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஒப்பந்தம் தோற்றது என்று சபாநாயகர் அறிவித்தார்.

இந்தப் பக்கம் மேஜையைத் தட்டினார்கள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஜோடி முறிச்சுட்டான்!" என்று யாரோ கத்த, அதை இன்னொருத்தர் பிடித்துக்கொள்ள, சபை முழுக்க அதே சத்தமானது. தன் கட்சிக்காரர்களே தோளில் தட்டிவிட்டு, தட்டின கையைச் சட்டையில் துடைத்துக்கொண்ட மாதிரி அவருக்குத் தோன்றியது.

'கதவு சாத்திட்டாங்க, அதனால அவனால உள்ள வர முடியல. வேற என்ன?' என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினார்.

கார் அங்கேயே நின்றது. டிரைவர் ஓடிவந்தான்.

"ஐயா, எவ்வளவு நேரமாக் காத்திருக்கிறது? வாங்க, ஏறுங்க."

"எங்க உங்க ஐயா?"

"ஆஸ்பத்திரியில. வேற எங்க? உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. ஓட்டு முடியிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்திருக்கணுமாம், வழக்கமாம். உங்களுக்குப் போன் போட்டேன், நீங்க எடுக்கல. மேல வந்தேன், உள்ள விடல. உங்க கொறடா ஐயாகிட்டத்தான் சொல்லி அனுப்பினேன். சொல்றேன்னாரே!"

லாரிக்காரர் திரும்பினார். கொறடா படியில் நின்று நிருபர்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"அவன் என்கிட்ட சொல்லச் சொன்னதை ஏன்டா சொல்லல?"

"அண்ணே, நான் என்ன பொய் சொன்னேன்? காரைக் காட்டினேன். கார் நின்னுது. உள்ள டெய்லர் இருக்காருன்னு நான் சொன்னேனா?"

"நீ வக்கீல்தான்டா."

"உங்க மக கடை பொழச்சுது. அதை நினைச்சு வீட்டுக்குப் போய்த் தூங்குங்க." கொறடா கையை விடுவித்துக்கொண்டு, சட்டைக் கையை நேராக இழுத்துவிட்டார். "ஒண்ணு சொல்லட்டுமா? வேற யாரா இருந்தாலும் காரைப் பாத்ததும் கீழ போய் விசாரிச்சிருப்பாங்க. நீங்க விசாரிக்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

லாரிக்காரருக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. நிருபர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் போய்க் காரில் ஏறினார்.

ஆஸ்பத்திரி அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். டெய்லர் கட்டிலில் கிடந்தார். மூக்கில் குழாய், கையில் ஊசி, ஒரு வாரத்தில் பாதி ஆளாகியிருந்தார். கட்டிலை ஒட்டி, அவர் முகத்துக்கு நேராக, ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் யாரும் உட்கார்ந்த தடம் இல்லை.

டெய்லரின் மனைவி வாசலிலேயே மறித்தாள். எப்போதும் "வாங்கண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள்.

"எதுக்கு வந்தீங்க? உசுரு இருக்கா போச்சான்னு பாக்கவா?"

"தங்கச்சி, நான் வந்து..."

"தங்கச்சின்னு சொல்லாதீங்க. எங்க வீட்ல பொறந்தவன் எவனும் வாக்கு மாறினதில்ல."

"விடு," என்றார் டெய்லர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வரட்டும். வந்து பாக்கட்டும்."

லாரிக்காரர் உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"காரைப் பாத்தேன்," என்றார். "நீ வந்துட்டன்னு நினைச்சேன்."

"எப்படிய்யா வருவேன்? இந்தக் குழாயோடயா?"

"வந்தாலும் வருவ. ஓட்டுன்னா பொணம்கூட எழுந்து வரும், நான் பாத்திருக்கேன்."

டெய்லர் சிரிக்கப் போனார், இருமலாகிவிட்டது. மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "என் தொகுதியில தையல் கொட்டகை எல்லாம் பூட்டிக் கிடக்கு. பொம்பளைங்க ஆர்டர் வரும் வரும்னு உக்காந்திருக்காங்க. இந்த ஒப்பந்தம் வந்திருந்தா கதவு திறந்திருக்கும். அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்? நான் ஓட்டுப் போடல, பதிலுக்கு எதிர் ஓட்டு ஒண்ணும் விழாதுன்னு ஒருத்தன் சொன்னான், நம்பிட்டேன்னு சொல்லட்டுமா?"

"என் மக கடையும் பூட்டித்தான் போயிருக்கும்."

"அதுக்கு நீ அன்னிக்கே ஜோடி கிடையாதுன்னு சொல்லியிருக்கலாமே! நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? எங்க கட்சி வேற ஆளைப் பாத்திருக்கும். சக்கர நாற்காலியில கூட்டிட்டுப் போறோம்னு காலையில வந்து நின்னாங்க. லாரி இருக்கான், வேண்டாம்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்."

மன்னிப்பு என்கிற வார்த்தை லாரிக்காரரின் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவர் அதை வெளியே விடவில்லை. வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரி. கார் ஏன் உறுப்பினர் வாசல்ல வந்து நின்னுது? என்னைக் கூப்பிட வந்த கார்னா வெளி கேட்ல நின்னாப் போதாதா? நேரா ஓட்டுப் போடற வாசலுக்கு என்ன வேலை? தலையணை எதுக்கு?"

டெய்லர் அவரையே பார்த்தார். கோபம் முழுக்க வடிந்து, பார்வையில் வெறும் அலுப்பு மிஞ்சியிருந்தது.

"உனக்கு முழங்கால் வலின்னு நான்தான்யா அங்க நிறுத்தச் சொன்னேன். தலையணை உன் காலுக்கு."

லாரிக்காரர் குனிந்து தம் முழங்காலைப் பார்த்தார்.

"போய்யா," என்றார் டெய்லர். "ஜெயிச்சுட்டேல்ல. போ."

மனைவி கதவைத் திறந்து பிடித்தாள். அவர் கடக்கும்போது சொன்னாள்: "இனிமே உங்களுக்கு ஒண்ணுன்னா அந்தச் சபையில ஒருத்தனும் ஜோடி நிக்கமாட்டான். சாவு வீட்ல இருந்து எழுந்து போய் ஓட்டுப் போடுங்க."

வராந்தாவில் டிரைவர் சாவியோடு நின்றான். "வீட்ல விட்டுட்டு வரச் சொல்லியிருக்காரு ஐயா."

"யாரு?"

"எங்க ஐயாதான். நீங்க கொறடா ஐயாகிட்டப் பேசிட்டிருந்தப்பவே போன்ல சொன்னாரு."

"எனக்குக் கால் இருக்கு," என்றார் லாரிக்காரர்.

லிப்டை விட்டுப் படியில் இறங்கினார். ஒவ்வொரு படியிலும் முழங்கால் உயிரை வாங்கியது. மருந்துக் கடை வரிசையைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டு ஓரமாக நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னாலேயே அந்த வெள்ளைக் கார் கொஞ்ச தூரம் ஊர்ந்து வந்தது. அவர் திரும்பிப் பார்க்காததால் ஹாரன் ஒருமுறை அடித்துவிட்டு நின்றுபோனது.

முழங்காலுக்காம், தலையணையாம். அதெல்லாம் இப்போது சொல்வது. ஓட்டுப் போட வரவில்லை என்பதால் வந்திருக்கவேமாட்டான் என்று ஆகிவிடுமா? கதவு கொஞ்சம் தாமதமாகச் சாத்தியிருந்தால் யார் கண்டது? ஆளை இறக்க வந்த காரா, ஏற்ற வந்த காரா என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன? இப்படிச் சொல்லிக்கொண்டே, எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட, அவர் நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தார்.